வில்யோ வீட்டுத் தண்ணீர்

சூலோ வீட்டுத் தண்ணீரின் பரிசோதனை முடிவை நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தபாலில் அனுப்புவதுதான் எங்கள் சுகாதார அலுவலகத்தில் வழக்கம். ஆனால் அந்தக் காகிதத்தில் இருந்த எண்ணைச் சாலையோரத் தபால் பெட்டியிலிருந்து அவர் தனியாக எடுத்துப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் மாதம். வயல்களில் பனி பாதி கரைந்து, கறுப்பு மண் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. ஏரியின் மேல் ஐஸ் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. அன்று வியாழக்கிழமை என்பதால் கல்லியோலா கிராமத்தின் எல்லா வீடுகளையும் போல அந்த வீட்டிலும் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

"உக்காரு தூலிக்கி. முதல்ல சாப்பிடு. காகிதம் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றாள் சூலோவின் மனைவி ஹில்க்கா அக்கா.

சூலோ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. முப்பது வருஷம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி ஓட்டியவர். இந்த வட்டாரத்தில் பாறையைத் துளைத்துத் தண்ணீர் கண்டவர் என்றால் அவர்தான். வண்டிச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. அதனால் எதிரே இருக்கிறவரிடம் பேசினாலும் வயலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடுவதுபோலத்தான் பேசுவார்.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஒரு லிட்டர்ல கதிரியக்கம் ஆறாயிரத்து நானூறு பெக்கரல்."

"எவ்வளவு இருக்கலாம்?"

"ஆயிரத்துக்கு மேல போகக்கூடாதுண்ணே."

"இங்க சுடுற கடமானுக்குக்கூட அவ்வளவு எடை வராது. சூப்பு ஆறுது, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு எழுந்து குழாயைத் திறந்தார். ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "பாரு. இதுல கண்ணாடி எது, தண்ணி எதுன்னு உன்னால சொல்ல முடியுமா? தொண்ணூறு மீட்டர் கருங்கல்லு. ஒரு புழு, ஒரு பூச்சி உள்ள போக முடியாது." ஒரே மூச்சில் குடித்துத் தம்ளரை மேஜைமேல் வைத்தார். "முப்பத்தெட்டு வருஷமாக் குடிக்கிறேன். செத்தா போயிட்டேன்?"

"குடிக்கிறதுல பெரிசா ஒண்ணுமில்லண்ணே. கல்லுலருந்து வர்ற வாயு அது. ரேடான். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தண்ணியில கரைஞ்சு மேல வருது. குழாயைத் திறந்ததும் தண்ணிய விட்டுட்டு வீட்டுக் காத்துல கலந்துடுது. குளிக்கும்போது, துணி துவைக்கும்போது, நீராவிக் குளியலுக்குச் சவுனாவுல உக்காந்திருக்கும்போது அதை மூச்சுல இழுக்குறோம். வருஷக்கணக்கா இழுத்தா நுரையீரல்ல..."

அதோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. ஹில்க்கா அக்காவின் கையிலிருந்த கரண்டி பானைக்கு மேலே அப்படியே நின்றது. சூலோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த ஜன்னலிலிருந்து ஏரி தெரியும். ஏரிக்கு அந்தக் கரையில் வில்யோ வீட்டின் கூரையும் தெரியும்.

வில்யோ அவருடைய மச்சான். சூலோவின் ஒரே தங்கை லெம்பியைக் கட்டியவர். கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் கிணறு இல்லை. லெம்பி பால் கேன்களில் ஏரித் தண்ணீர் சுமந்தாள். குளிர்காலத்தில் கோடாலியால் ஐஸை உடைத்து அள்ளிக்கொண்டு மேட்டில் ஏறுவாள். சூலோ கடன் வாங்கிப் போர் வண்டி வாங்கியதும் அதைத் தன் வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. நேராகத் தங்கை வீட்டு முற்றத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தினார். பன்னிரண்டு நாள் துளைத்தார். எண்பத்து மூன்றாவது மீட்டரில் தண்ணீர் பீறிட்டு வந்தபோது லெம்பி உடுத்திய உடுப்போடு அதற்குக் கீழே போய் நின்று சிரித்தாளாம். இதைச் சூலோ எனக்கே பத்துத் தடவை சொல்லியிருக்கிறார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் லெம்பி நுரையீரல் புற்றுநோயில் செத்துப்போனாள். அவள் புகை பிடித்தவள் இல்லை. புகையிலைப் பைப் பிடித்தது வில்யோ. சமையலறையிலேயே உட்கார்ந்து நாள் முழுக்கப் பிடிப்பார். அடக்கம் முடிந்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது சூலோ எழுந்து நின்று சொன்னார்: "உன் பைப்புதாண்டா என் தங்கச்சியக் கொன்னுச்சு." அவருடைய குரல் எப்படிப்பட்டது என்று சொன்னேன் இல்லையா. சர்ச் மண்டபத்தில் அது காதில் விழாதவர் ஒருவர்கூட இல்லை. நானும் அங்கே இருந்தேன். வில்யோ காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அதற்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சில்லை.

திங்கட்கிழமை ஹில்க்கா அக்கா பஸ் பிடித்து என் அலுவலகத்துக்கு வந்தாள். சர்ச்சுக்குப் போகும் கோட்டைப் போட்டிருந்தாள்.

"சனிக்கிழமை அவரு சவுனாவுக்குப் போகல, தூலிக்கி."

"தண்ணிக்குப் பயந்துட்டாரா?"

"அவராவது, பயப்படுறதாவது. இத்தனை வருஷத்துல அவரு சவுனாவுக்குப் போகாத சனிக்கிழமை ரெண்டே ரெண்டு. மாமியார் செத்தன்னிக்கி ஒண்ணு, லெம்பி செத்தப்ப ஒண்ணு. நான் அடுப்ப மூட்டிட்டு வந்து கூப்பிட்டேன். 'ஹில்க்கா, அவளும் என் தண்ணியிலதானே குளிச்சா'ன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் பேச்சில்ல. விறகு பிளக்குறாரு. இந்த வருஷத்துக்குப் பிளந்தாச்சு, அடுத்த வருஷத்துக்கும் பிளந்தாச்சு. நாங்க ரெண்டு பேரும் போனப்புறம் எரிக்கிறதுக்கும் இப்பப் பிளந்துட்டிருக்காரு."

சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள்.

"அதை எடுக்க ஒரு மிசின் இருக்குன்னியே?"

"இருக்குக்கா. தொட்டி மாதிரி. தண்ணிய உள்ள தூவி விடுவாங்க. கீழருந்து காத்து ஊதும். தண்ணிக்குள்ள குமிழி குமிழியா ஏறி வர்றப்ப ரேடானையும் இழுத்துட்டு வந்துடும். அதை ஒரு குழாய் வழியா கூரைக்கு மேல விட்டுடலாம். வெளிக்காத்துல கலந்துட்டா ஒண்ணுமில்ல."

"அவ்வளவுதானா? ஊதி விட்டாப் போயிடுமா?"

"ஊதி விட்டாப் போயிடும்."

"அப்ப நாலு வருஷம், பத்து வருஷம் முன்னாடி இதை யாராச்சும் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

மே மாதம் தொட்டி வந்தது. தானே பொருத்திக்கொள்வதாகச் சூலோ பிடிவாதம் பிடித்தார். குழாய் என்று ஒன்று இருந்தால் அதில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது அவருக்கு. நிலவறைக்குள் குனிந்துதான் நிற்க முடியும். நிலத்திலிருந்து ஏறிவரும் பழைய குழாயை அறுத்து, முனையைத் தொட்டியின் தலையில் சேர்த்தார். தொட்டிக்கும் வீட்டுக் குழாய்களுக்கும் நடுவில் இன்னொரு பம்பு வைத்தார். பிறகு புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே ஓட்டை போட்டுக் கூரைக்கு மேல் காற்றுக்குழாயை ஏற்றினார். ஹில்க்கா அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விழுந்துடாதீங்க. விறகுதான் நிறைய இருக்கு, ஆளு ஒருத்தர்தான்" என்றாள் கீழேயிருந்து.

"என்ன சொல்ற?"

"ஒண்ணுமில்ல, கெட்டியாப் புடிங்கன்னேன்!"

நான் மறுபடி தண்ணீர் எடுத்து அனுப்பினேன். நாற்பது பெக்கரல் என்று வந்தது. தொலைபேசியில் சூலோவிடம் சொன்னேன். எண்ணைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, "அந்த வெறும் பாட்டில் இன்னொண்ணு வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"யாருக்குண்ணே?"

"வில்யோவுக்கு. செலவை என் பேர்ல எழுதிக்க. நீயும் கூட வா. தனியாப் போனா வாசல்லருந்தே திரும்பிடுவேன்."

போனோம். வில்யோ படகுத்துறைப் பக்கம் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தார். மெலிந்து போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு மறுபடி மீனைப் பிரிக்கத் தொடங்கினார்.

"நாலு வருஷமா வாசல் மிதிக்காதவன் சர்க்கார் ஆளோட வர்றான். என்ன மச்சான், ஜப்தியா?"

"தண்ணி எடுக்க வந்தோம்" என்றார் சூலோ.

"ஏன், உன் வீட்ல தண்ணியில்லையா?"

"உள்ள வரலாமா கூடாதா?"

"வராதன்னு நான் எப்பச் சொன்னேன்? நீதான் வரல."

சமையலறை சுத்தமாக இருந்தது. லெம்பி நெய்த நீலக் கம்பளம் தரையில் அப்படியே கிடந்தது. நாற்றமில்லை, புகையில்லை. அவள் செத்த நாளிலிருந்து வில்யோ பைப்பைத் தொடவில்லை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். காபி வைத்தார். கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும் எடுத்து வைத்தார். நான் குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டேன். பத்து நிமிஷம் ஓட வேண்டும். அப்புறம் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, பாட்டிலை அதற்குள் முக்கி, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருகினேன். ஒரு குமிழி உள்ளே போனாலும் எடுத்தது வீண்.

சூலோ காபியைத் தொடவில்லை. "மச்சான், லெம்பி அடக்கத்தன்னிக்கி நான் ஒண்ணு சொன்னேன்."

"சொன்ன."

"எல்லாரு முன்னாடியும் சொன்னேன்."

"பாதிரியாரும் இருந்தாரு."

"அது தப்பு."

வில்யோ தலையைத் தூக்கினார். "தப்பா சரியான்னு நாலு வருஷமா நான் யோசிச்சிட்டிருக்கேன். எனக்கே தெரியல. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சூலோ சொன்னார். கல்லு, வாயு, நுரையீரல் எல்லாம் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்ததைப் பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல வரிசையாகச் சொன்னார். தன் வீட்டு எண்ணையும் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "உன் பைப்பு இல்ல மச்சான். என் போரு. நான் வந்து இந்த முற்றத்துல ஓட்டை போட்டேன். இல்லாட்டி அவ ஏரித் தண்ணியிலதான் குளிச்சிருப்பா. இன்னிக்கி இருந்திருப்பா."

வில்யோ எழுந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார்.

"ஏரித் தண்ணி சுமந்து சுமந்து அவளுக்கு இடுப்பு போயிடுச்சு. உனக்குத் தெரியாது. கல்யாணமான மூணாம் வருஷம் வயித்துல இருந்தது நிக்காமப் போச்சு, அதுவும் உங்கிட்ட அவ சொல்லல. நீ போர் போட்டன்னிக்கி ராஜாத்தி மாதிரி இருந்தா. அதையெல்லாம் விட்டுட்டு வந்து என்னமோ சொல்ற" என்றார்.

அதற்குமேல் அவர் திரும்பவில்லை. நாங்கள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். காரில் ஏறியதும் சூலோ அழுதார். ஏரியைச் சுற்றி வீடு வந்து சேரும்வரை நான் ரேடியோவை வைத்துக்கொண்டு பார்க்காததுபோலவே ஓட்டினேன்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது.

தொண்ணூறு.

ரெண்டு தடவை பார்த்தேன். ஆய்வுக்கூடத்தைக் கூப்பிட்டும் கேட்டேன். தப்பில்லை. பாறை அப்படித்தான். ஏரிக்கு இந்தப் பக்கத்து வெடிப்பில் ஒரு தண்ணீர், அந்தப் பக்கத்து வெடிப்பில் வேறொரு தண்ணீர். ரெண்டையும் துளைத்தது ஒரே கை, ஒரே வண்டி. லெம்பி குளித்த தண்ணீர் இந்த ஊரிலேயே நல்ல தண்ணீர்.

சூலோவிடம் காகிதத்தைக் கொடுத்தபோது அவர் விறகுக் கொட்டகையில் இருந்தார். கண்ணாடி போட்டு வாசித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வரத்தான் செய்யும், மனுஷன்தானே. அந்த வெளிச்சம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்தார். அப்புறம் எட்டாக மடித்தார்.

"அப்ப அவன் பைப்புதானா?" என்றார்.

"அப்படியும் சொல்ல முடியாதுண்ணே. ஒண்ணுமே இல்லாம வர்றவங்களும் இருக்காங்க."

"அவனுக்குப் போய் அதைச் சொல்லிப் பாரு. கேப்பானா? போன வாரம் வந்து உன்மேல தப்பில்லன்னுட்டு, இந்த வாரம் வந்து என்மேல தப்பில்லன்னு சொல்லச் சொல்றியா?" கோடாலியை எடுத்து மரக்கட்டையில் நட்டார். "தூலிக்கி, ஒண்ணு கேக்குறேன். நல்ல தண்ணிக்கு மிசின் போட்டாத் தண்ணி கெட்டுப் போகுமா?"

"போகாது. ஏன்?"

"உங்க ஆபீஸ் சட்டத்துல அது குத்தமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கொட்டகை வாசலில் ஹில்க்கா அக்கா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவளும் கேட்டிருக்கிறாள். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கல்யாணத்துக்கு முன்னால் பார்த்திருப்பாளே அப்படி.

"கெட்ட தண்ணிய நல்லதுன்னு சொன்னா நான் விடமாட்டேண்ணே. நல்லதைக் கெட்டதுன்னு சொல்றவனப் பத்தி எங்க சட்டத்துல ஒண்ணும் எழுதல" என்றேன்.

ஜூன் கடைசியில் வில்யோ வீட்டு நிலவறையிலும் ஒரு தொட்டி ஏறியது. மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளும் ஏரிக்கு இந்தக் கரை வரை சூலோவின் குரல் கேட்டதாக ஹில்க்கா அக்கா சொன்னாள். வில்யோவும் பதிலுக்குக் கத்தியிருக்கிறார். மத்தியானங்களில் சத்தம் நின்றுபோகும். அப்போது சாப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

சாமான்களைக் கொண்டுபோய்ப் போட ஒரு நாள் நானும் போனேன். சூலோ நிலவறைக்குள் இருந்தார். வில்யோ முற்றத்தில் மீனைப் புகை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மீனைத் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "எலும்பு பார்த்துச் சாப்பிடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, ஒற்றைக் காதுக்காரருக்கு நிலவறைக்குள் எங்கே கேட்கும், "உண்மையான நம்பர் என்ன?" என்று கேட்டார்.

நான் மீன் பொட்டலத்தைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"அவன் ஆறாயிரத்து நானூறுன்னான்" என்றார் வில்யோ. "அது அவன் வீட்டு நம்பர். அன்னிக்கி இதே வீட்ல உக்காந்து அவனே சொன்னது. பொய் சொல்ல வேற ஒரு நம்பர் யோசிக்கக்கூட அவனுக்கு வரல. காகிதத்தக் காட்டுன்னேன், அடுப்புல விழுந்துடுச்சுன்னான். காது ரெண்டும் செவசெவன்னு செவந்துபோச்சு. சின்ன வயசுலருந்தே அவனுக்கு அப்படித்தான்னு லெம்பி சொல்லுவா."

"எங்க காகிதத்துல தண்ணியப் பத்தி மட்டும்தாண்ணே இருக்கு. அவங்க ஏன் செத்தாங்கன்னு எந்த வரியும் இல்ல" என்றேன்.

"தெரியும்மா. யாராலயும் சொல்ல முடியாது." அடுப்பில் இன்னும் ரெண்டு குச்சி போட்டார். "சரி, அந்த நம்பரைச் சொல்லிடாத. எனக்கு வேணாம். அவன் போகும்போது கேட்டா, நம்பிட்டேன்னு சொல்லு."

"அப்ப எதுக்குண்ணே இந்த மிசினைப் போட விட்டீங்க?"

மீனைத் திருப்பிப் போட்டார். ஒவ்வொன்றாக, பொறுமையாக.

"இந்த நாலு வருஷத்துல எத்தனையோ பேர் வந்தாங்க. உன் தப்பில்ல வில்யோ, உன் தப்பில்லன்னாங்க. ரொட்டி கொண்டாந்து வச்சிட்டுப் போனாங்க. நல்ல மனுஷங்க எல்லாரும். ஆனா இதுல எனக்கும் பங்கிருக்கு, பாதிய எங்கிட்ட குடுன்னு கேட்டு வந்தவன் இவன் ஒருத்தன்தான். அதுவும் இல்லாத பங்கை இருக்குன்னு சொல்லி. அவன எப்படித் திருப்பி அனுப்புறது, சொல்லு?"

நிலவறையிலிருந்து சுத்தியலால் குழாயைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சூலோவின் குரல் வந்தது. புதரில் இருந்த பறவைகள் எழுந்து பறந்தன.

"மச்சான்! செத்துட்டியா மேல? வந்து இந்த முனையப் புடி, ஒத்தக் கையால முடியல!"

"வர்றேண்டா, கத்தாத! ஊரே எழுந்திரிச்சு வந்துடும்!" என்று கத்திக்கொண்டே வில்யோ கையைத் துடைத்தார். குனிந்து, ஒவ்வொரு படியாக நிலவறைக்குள் இறங்கினார்.